பேரோடு பேசியவர்கள்

பூரணி, போன வாரம் நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல், சாப்பிட்டாயா, தலைக்கு எண்ணெய் வைத்தாயா என்று நான் பேச்சை மாற்றினேன். உனக்குக் கோபம் வந்தது ரிசீவரை வைத்த சத்தத்திலேயே தெரிந்தது. பூத்துக்காரர் கண்ணாடிக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். வழக்கமாக நான் பேசப் போனால் வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவர். அவருடைய தங்கை நம் ஊர் முதலாளியின் தீப்பெட்டி ஆபீஸில்தான் லேபிள் ஒட்டுகிறாள். ஒட்டுக்கேட்கத்தான் நின்றார் என்று நான் சொல்ல மாட்டேன், கதவின் கீல் இறுகிப்போயிருந்திருக்கலாம். ஆனால் கொஞ்ச நாளாக நம் தெருவில் எல்லார் வீட்டுக் கதவும் அப்படித்தான் பாதி திறந்தபடி இருக்கிறது. அதனால் கடிதமாக எழுதுகிறேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து, உன் அப்பா பருத்திக் கமிஷன் கடைக்குத் திரும்பப் போய்விட்டார். சாயங்காலம் ஆபீஸ் சங்கு ஊதும்வரை என்னைக் கூப்பிட ஆளில்லை.

நீ கேட்டது இதுதான். நம் வீட்டில் வைத்து நீ பெண்களிடம் பேசிப் பதிவு செய்த டேப்புகளை இந்த மாசக் கடைசிக்குள் மியூசியத்தில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். ஒப்படைத்தால்தான் கடைசி வருஷத்து உதவித்தொகை வரும், அது வந்தால்தான் ஆய்வை எழுதி முடிக்க முடியும். கொடுப்பதா, வேண்டாமா? ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன, தீப்பெட்டி லேபிளைப் பார்த்து இங்கிலீஷ் எழுத்துப் படித்த ஒருத்தியிடம், டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிற மகள் யோசனை கேட்கிறாளே என்று அந்த நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது. வீட்டுக்கு நடந்து வரும் வழியில்தான், நீ என்னிடம் கேட்டது யோசனை இல்லை, டேப்பில் பேசிய சண்முகத்தாயின் இளைய மகளுடைய உயிரைப் பற்றி என்று உறைத்தது. உனக்கு அது தெரியாது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு பெரிய கடிதம்.

நீ இந்த ஆய்வில் சேர்ந்தபோது எனக்கு விளக்கிச் சொன்னது நினைவிருக்கிறதா? பல்கலைக்கழகமும் மியூசியமும் சேர்ந்து ஒரு பிள்ளையைப் படிக்கவைக்கிற ஏற்பாடு, பாதிப் பணம் இவர்கள், பாதி அவர்கள். இங்கே ஒரு நெறியாளர், அங்கே ஒரு நெறியாளர். கரிசல் காட்டுத் தீப்பெட்டித் தொழிலைப் பற்றி மியூசியத்தில் ஒரு கூடம் வைக்கப்போகிறார்கள், அதற்கு வேண்டிய பழைய பொருள்களையும் காகிதங்களையும் நம் ஊர் முதலாளி குடும்பம் கொடுக்கிறது, அதையெல்லாம் வைத்து நீ ஆராய்ச்சி எழுத வேண்டும். நீ சந்தோஷமாகச் சொன்னாய். நான், "அப்படின்னா ரெண்டு வீட்டுக்கு மருமகளாப் போற" என்றேன். நீ சிரித்தாய். நான் சிரிக்கச் சொல்லவில்லை.

உன் அப்பாவைச் சின்ன வயசிலேயே பிள்ளையில்லாத பெரியப்பா வீட்டுக்குச் சுவீகாரம் கொடுத்துவிட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். எனக்குப் பெற்ற மாமியார் ஒருத்தி, வளர்த்த மாமியார் ஒருத்தி. நடுவில் ஒரு மண்சுவர். தலைப்பொங்கலுக்கு இரண்டு பேரும் என்னை அழைத்தார்கள். "இங்கனதான் பானை வைக்கணும், பெத்தவ நானு" என்றது இந்தப் பக்கம். "வளத்து ஆளாக்குனது யாரு? அவ சும்மா பெத்துப் போட்டதுதான்" என்றது அந்தப் பக்கம். நான் பெரிய புத்திசாலி என்று நினைத்துக்கொண்டு இரண்டு வாசலுக்கும் பொதுவாகத் தெருவில் அடுப்புக் கூட்டினேன். காற்று அடித்துப் பொங்கல் முழுக்கப் புழுதி. இரண்டு பேரும் ஒன்றாகச் சேர்ந்து என்னைத் திட்டினார்கள். அவர்கள் ஒற்றுமையாக இருந்து நான் பார்த்தது அன்றைக்கு ஒருநாள்தான். அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். ஆனால் அந்த இரண்டு வீட்டில் நான் படித்த பாடம் சிரிப்புக்கு உரியது இல்லை. ஒரு வீட்டில் வாய் தவறிச் சொன்னது மறு வீட்டுக்கு எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்கும். எந்தச் சுவரில் ஓட்டை என்று கண்டுபிடிக்கவே முடிந்ததில்லை. யாரும் கெட்டவர்கள் இல்லை. இரண்டு வீட்டாரும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்தார்கள், அவ்வளவுதான்.

உன்னை விட்டுவிட்டு வர நான் அந்த மியூசியத்துக்கு வந்தேனே, அந்தக் கூடம் பாதி தயாராகியிருந்தது. கண்ணாடிக்குள் விளக்குப் போட்டு, மயிலும் புலியும் தாமரையும் போட்ட பழைய தீப்பெட்டிகளை நகைக்கடையில் வைக்கிற மாதிரி வைத்திருந்தார்கள். முதலாளியின் தாத்தா படம் ஆளுயரத்துக்கு இருந்தது. கை உறை போட்ட ஒரு அம்மாள் லேபிளைப் பூவைத் தொடுகிற மாதிரி தொட்டு எடுத்தாள். என் கை பெட்டி ஒட்டிய காலத்தில் பசையில் வெந்து தோல் உரிந்தது ஞாபகம் வந்தது. நான் சுற்றிச் சுற்றித் தேடினேன். பெட்டி ஒட்டுகிற ஒரு கை, குச்சிகளைக் கட்டையில் அடுக்குகிற ஒரு முகம், எங்கேயும் இல்லை. ஒவ்வொரு அறை மூலையிலும் சிவப்பாக ஒரு தீயணைப்பு உருளை மட்டும் பளபளவென்று நின்றது. இங்கே வெறும் காலிப் பெட்டிதானே இருக்கிறது, இதற்கு இத்தனை காபந்தா என்று நினைத்தேன். உன்னிடம் சொல்லவில்லை. நீதான் அன்றைக்கே, "பொம்பளையாளுக பேசுனதும் இங்க இருக்கணும்மா, நான் வைக்கப்போறேன்" என்றாய். உன் மியூசியத்து நெறியாளரும் உடனே சரி என்றார். நல்ல மனுஷர். இப்போதும் அவரை நல்ல மனுஷர் என்றுதான் சொல்வேன்.

நீ டேப்ரிக்கார்டரோடு வந்து இறங்கியபோது பெண்கள் யாரும் வாய் திறக்கவில்லை. "என்னத்தப் பேச, வேலைக்குப் போனோம், வந்தோம்" என்று எழுந்துபோனார்கள். வெள்ளிக்கிழமை விளக்குப் பூசைக்கு நம் வீட்டுக்கு வருகிறவர்கள்தானே, பூசை முடிந்து சுண்டல் கொடுத்த பிறகு கேட்டுப் பார் என்று வழி சொன்னது நான். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நீ, "யாரும் பேரு சொல்ல வேண்டாம், சும்மா பேசுனாப் போதும்" என்றாய். அதற்கு லேபிள் ஒட்டுகிற வேலம்மா என்ன சொன்னாள், நினைவிருக்கிறதா? "பேரு சொல்லாமப் பேசுறதுக்கு நாங்க என்ன மொட்டைக் கடுதாசியா போடுதோம்?" எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரித்ததோடு நிற்கவில்லை. விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து பேசுவது சாமியிடம் சொல்வதற்குச் சமம், அர்ச்சனைக்குக் கொடுக்கிற மாதிரி பேர், புருஷன் பேர், தெரு, குலதெய்வம் எல்லாம் சொல்லித்தான் பேச வேண்டும் என்று நான்தான் முறை வகுத்தேன். உன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். படித்த பிள்ளைக்கு நம் வழக்கம் கூச்சமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஏழு பெண்களும் ஆளுக்கொரு டேப்பில், அம்மன் சன்னதியில் நிற்கிற மாதிரி, தங்கள் அடையாளம் அத்தனையும் ஒப்பித்துவிட்டுப் பேசினார்கள்.

சண்முகத்தாய் கடைசியாகப் பேசினாள். தன் பேரைச் சொல்லி, நிறுத்தி, அப்புறம் மூத்த மகள் பேச்சியம்மாளுடைய பேரையும் நட்சத்திரத்தையும் சொன்னாள். "உயிரோட இல்லாதவளுக்கு எதுக்கு நட்சத்திரம்" என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. தீபாவளிச் சமயத்தில் ஆர்டர் குவிந்திருந்தது, குச்சி முனைக்கு மருந்து முக்கும் அறை வாசலில் பண்டல்களை அடுக்கியிருந்தார்கள், கதவு உள்பக்கமாகத் திறக்கிற கதவு, தீப்பிடித்தபோது பேச்சியால் வெளியே வர முடியவில்லை. எல்லாவற்றையும் சந்தைக்குப் போய்வந்த கதை மாதிரி ஒரே குரலில் சொன்னாள். பேச்சிக்கு வேலைக்குச் சேரும் வயசு ஆகவில்லை என்று அத்தை பேரில் அனுப்பியிருக்கிறாள். அத்தை உயிரோடு இருக்கிறாள். அதனால் ஆபீஸ் கணக்குப்படி அன்றைக்கு அந்த அறையில் யாருமே சாகவில்லை. வீட்டு அடுப்பில் சேலை பற்றிக்கொண்டது என்று சொல்லச் சொன்னார்கள், சொன்னாள். இத்தனை வருஷமும் நம் தெருவில் எல்லாருக்கும் அது அடுப்புத் தீதான். எனக்கும்தான், பூரணி. நான் எட்டு வீடு தள்ளி இருக்கிறேன், துக்கத்துக்குப் போய் அவளைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன், அடுப்பைக்கூடத் திட்டியிருக்கிறேன். "எம் பிள்ள பேரு எங்கயாச்சும் இருக்கட்டும்னு சொல்லுதேன், தாயி. வேற ஒண்ணும் வேண்டாம்" என்று உன் கையிலிருந்த டேப்ரிக்கார்டரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, சுண்டல் இலையை மடித்துக்கொண்டு போனாள்.

அதற்கப்புறம் நீ ஊருக்குப் போய்விட்டாய். இங்கே நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். தினமும் வீட்டு வரவு செலவுக் கணக்கு எழுதுகிறவள் ஆகையால் எது முன்னே, எது பின்னே என்பதில் எனக்குக் குழப்பம் வராது.

முதலில், வீட்டில் வைத்துப் பெட்டி ஒட்ட ஆபீஸிலிருந்து நம் தெருவுக்கு வருகிற அட்டைக் கட்டுகள் வரவில்லை. கட்டுக் கொண்டுவருகிற தள்ளுவண்டி தெருமுனையில் திரும்பாமல் நேராகப் போயிற்று. சரக்குக் குறைவு என்றார்கள். பக்கத்துத் தெருவுக்கு மட்டும் சரக்கு இருந்தது. அடுத்து, சண்முகத்தாயின் இளைய மகள் மாரி, உன்னோடு ஒரே பெஞ்சில் படித்தவள், அந்த ஆபீஸில்தான் இத்தனை நாளாகத் தீப்பெட்டிகளைப் பண்டல் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு திங்கட்கிழமை அவளை மருந்து முக்கும் அறைக்கு மாற்றினார்கள். யாரும் அதட்டவில்லை, ஒரு சுடுசொல் சொல்லவில்லை. "ஆளு பத்தல, நாளையிலருந்து அங்கன போ" என்றார்களாம், அவ்வளவுதான். அறையை இடித்துப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். இடம் அதே இடம். சண்முகத்தாய் என்னிடம் வந்து இதைச் சொல்லும்போது அழவில்லை. உறைமோர் வாங்க வந்தவள் போலச் சொல்லிவிட்டு, மோர் வாங்காமல் போனாள்.

அதன் பிறகுதான் ஆபீஸ் கணக்கப்பிள்ளை நம் வீட்டுக்கு வந்தார். உனக்குத் தெரியும் அவரை, கோவில் கொடைக்கு வரி பிரிக்க வருவாரே, நெற்றி நிறைய விபூதியோடு. கையில் கடலைமிட்டாய்ப் பொட்டலம். முதலாளி வீட்டிலிருந்து பாப்பாவுக்காகக் கொடுத்துவிட்டார்களாம்.

"உக்காருங்க அண்ணாச்சி. என்ன இவ்வளவு தூரம்?"

"சும்மாதான் அக்கா. நம்ம ஊருப் பிள்ள பெரிய படிப்புப் படிக்குது, முதலாளிக்கு அவ்வளவு பெருமை. அவியதான மியூசியத்துல எல்லாத்தையும் குடுத்து வச்சிருக்காவ. பாப்பா இங்க வந்து பேட்டியெல்லாம் எடுத்துச்சாமே?"

"எடுத்தா. பொம்பளைங்க பேச்சு, அதுல என்ன இருக்கு."

"அதத்தான நானும் சொன்னேன். பொம்பளையாளுக கூடுனா நாலையும் பேசும். பழைய கத, புதுக் கத. டேப்புல ஏறிட்டா எல்லாம் நெசமாயிரும், பாருங்க." சிரித்தார். "யாரு யாரு பேசுனது அக்கா? அவங்களுக்கும் ஒரு மரியாதை செய்யணும்னு முதலாளி நெனைக்காவ."

"என்ன மரியாதை, அண்ணாச்சி?"

"அததுக்குத் தகுந்த மாதிரி" என்றார். காபியை நின்றபடியே குடித்தார். போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "மழையே இல்ல, என்ன காத்து அடிக்கி பாருங்க. இந்தக் காத்துல ஆபீஸ்ல ஒரு நிமிசம் கண்ணசர முடியல. ஒரு பொறி போதும்" என்றார். தொழிலைப் பற்றிய கவலையைத்தான் சொன்னார். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். நான் அவர் குடித்த டம்ளரை எடுத்து இரண்டு தடவை கழுவினேன். அந்தக் கடலைமிட்டாயை நான் சாமிக்கும் வைக்கவில்லை, வெளியே எறியவும் பயமாக இருந்தது. இன்னும் அலமாரியில் இருக்கிறது.

இவர் பேர் கேட்கத்தான் வந்தார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன வாரம் அதே போனில், டேப்பைக் கொடுப்பதா என்று கேட்பதற்கு முன்னால் நீ சொன்ன ஒரு விஷயம்தான் என் கண்ணைத் திறந்தது. நீ அதைப் பெருமையாகச் சொன்னாய். நீ இங்கிருந்து திரும்பிப் போன கையோடு, கூடத்துக்குக் கொடை கொடுத்தவர்களை அழைத்து மியூசியத்தில் ஒரு கூட்டம் போட்டார்களாம், ஆய்வு எவ்வளவு நன்றாக நடக்கிறது என்று காட்ட உன் மியூசியத்து நெறியாளர், கேட்டுப் பார்க்க நீ கொடுத்திருந்த ஒரு டேப்பைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டாராம், எல்லாரும் நிசப்தமாகக் கேட்டார்களாம். எந்த டேப் என்று நான் கேட்டேன். கடைசி டேப், அதில்தான் ஒலி தெளிவாக இருக்கிறது என்றாய். ஆரம்பம் மட்டும்தாம்மா, பேரு ஊரு சொல்ற இடம், அதுவே அவ்வளவு அழகா இருந்துச்சு என்றாய். முதலாளியின் மகன் அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் இருந்ததையும் நீயே சொன்னாய். பூத்தில் என் காதுக்குள் உன் குரல் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. சண்முகத்தாயின் பேரும் செத்த பிள்ளையின் பேரும் நட்சத்திரமும் அந்தக் குளிர்ந்த கூடத்தில், யார் கேட்கக் கூடாதோ அவர்கள் காதில் விழுந்திருக்கிறது. அதற்கப்புறம் என்ன பேசியிருப்பாள் என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா, அன்றைக்கு அங்கே இருந்தவர்களுக்கு? கணக்கப்பிள்ளை வந்தது பேர் கேட்க இல்லை. தெரியும் என்று சொல்ல வந்திருக்கிறார்.

உன் நெறியாளர் மேல் நான் குற்றம் சொல்லவில்லை. அவருக்கு அது ஒரு நல்ல ஒலிப்பதிவு. கொடுத்தவரிடம் காட்டினால் இன்னும் கொடுப்பார் என்று நினைத்திருப்பார், கோவிலுக்கு மணி வாங்கிக் கொடுத்தவரைக் கூப்பிட்டு அடித்துக் காட்டுவதில்லையா, அப்படி. உன் பல்கலைக்கழகத்து நெறியாளர் அம்மா, பேர்களை மட்டும் அழித்துவிட்டு ஒப்படைத்துவிடலாம் என்கிறார் என்றாய். அவரும் நல்லதுக்குத்தான் சொல்கிறார். இரண்டு வீட்டிலும் நல்லவர்கள். நடுவில் நீ.

உன் அப்பாவிடம் சொன்னேன். "நமக்கு எதுக்கு வம்பு. டேப்ப எல்லாம் வாங்கி அடுப்புல போடச் சொல்லு" என்றார். அப்புறம் அவருக்கே அந்த வார்த்தை சுட்டிருக்க வேண்டும். "அடுப்புல வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பிறத்தியார் பொருளை வைத்திருப்பதில் எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு. பழனிக்கோ திருச்செந்தூருக்கோ போகிறவர்கள் கம்மல், மூக்குத்தியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதை நான் வரவிலும் எழுத மாட்டேன், செலவிலும் எழுத மாட்டேன். தனியாக ஒரு பக்கம். ஒருமுறை கீழத்தெரு ஒருத்தி கம்மலைக் கொடுத்துவிட்டுப் போனாள். மறுநாள் அவள் புருஷன் வந்து, "அவதான் வாங்கிட்டு வரச் சொன்னா" என்றான். அவள் வந்தால் கொடுக்கிறேன் என்றேன். தெருவே கேட்கும்படி என்னையும் உன் அப்பாவையும் ஏசினான். நீ தொட்டிலில் கிடந்து அலறினாய். அவள் திரும்பி வந்து கம்மலை வாங்கிக்கொண்டாள், ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லவில்லை. உன்னால் எனக்கு அடிதான் மிச்சம் என்கிற மாதிரி பார்த்துவிட்டுப் போனாள், கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. நான் செய்தது சரிதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அந்த வீக்கமும் இன்றைக்கும் கண்ணுக்குள் இருக்கிறது. சரியாகச் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் உனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தால் அதை மறந்துவிடு. பொருள் யாருடையதோ அவர் கையில் போக வேண்டும் என்பது மட்டும்தான் எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

ஆகவே போன வெள்ளிக்கிழமை ஏழு பேரையும் கூப்பிட்டேன். விளக்குப் பூசை என்று சொல்லித்தான் கூப்பிட்டேன், ஆனால் விளக்கின் முன்னால் எதையும் கேட்கவில்லை. அடுப்படியில் உட்காரவைத்துக் கேட்டேன். நடந்ததை எல்லாம் சொன்னேன், கூட்டத்தில் ஓடவிட்டது உட்பட. இரண்டு பேர் தங்கள் டேப்பைத் திருப்பிக் கேட்கிறார்கள். அவர்கள் யார் என்று இங்கே எழுதமாட்டேன், நேரில் சொல்கிறேன். அவர்கள் டேப்பை யாரிடமும் கொடுத்தனுப்பாமல் நீயே கொண்டுவந்து அவரவர் கையில் கொடு. நகல் ஒன்றுகூட எங்கேயும் இருக்கக் கூடாது. அவர்களைக் கோழை என்று நினைக்காதே, இரண்டு பேருக்கும் வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவர்கள்தான். வேலம்மா, "எம் பேரு அழிச்சாலும் எங் குரலு கட்டக்குரலு, ஊரே கண்டுபிடிச்சிரும். அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றாள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை, மற்ற மூன்று பேரும் அதையே சொன்னார்கள். சண்முகத்தாய், "நான் அன்னைக்குச் சொன்னதுதான்" என்றாள். மாரியை வேலையை விட்டு நிறுத்திவிடு என்று நான் கெஞ்சினேன். "நிறுத்தி?" என்றாள். அந்த முதலாளியைக் கேட்காமல் ஆள் எடுக்கிற தீப்பெட்டி ஆபீஸ் இந்தப் பக்கத்தில் எது இருக்கிறது?

இன்றைக்குக் காலையில் மாரி வேலைக்குப் போகிற வழியில் நம் வாசலில் நின்றாள். தலையில் துணி கட்டியிருந்தாள், தூக்குவாளியை இடுப்பில் இடுக்கியிருந்தாள். உன்னைப் பற்றித்தான் கேட்டாள். பிறகு சொன்னாள்:

"பூரணிட்ட சொல்லுங்க அத்தை, எங்க அக்கா பேர அழிக்க வேண்டாம்னு. எங்க பேரு அவியளுக்குத் தெரிஞ்சுபோச்சு. இனி அழிச்சா யாருக்குத் தெரியாமப் போகும்? மத்தவங்களுக்குத்தான தெரியாமப் போகும்."

"ஏட்டி, நீ அந்த ரூமுக்குப் போகாதடி. ஒடம்பு சரியில்லன்னு நாலு நாள் வீட்ல இரு."

"அஞ்சாவது நாள் போகணும்லா?" என்றாள். "அக்காவுக்கு என்ன ஆச்சுன்னு இப்ப எனக்குத் தெரியும். எங்க நிக்கணும், எந்தப் பக்கம் ஓடணும்னு பாத்து வச்சிருக்கேன். அவளுக்கு அது தெரியாது, பாவம்." சொல்லிவிட்டுப் பின்னால் திரும்பிப் பார்க்காமல் வேகமாக நடந்தாள். நேரமாகிவிட்டால் அரைநாள் சம்பளம் போய்விடும்.

மாரி சொன்னதைக் காலையிலிருந்து துவைக்கும்போதும் அரைக்கும்போதும் மனசில் உருட்டிக்கொண்டே இருந்தேன். அவள் சொல்வதுதான் கணக்கு. மறைத்துவைத்தால் காப்பாற்றலாம் என்ற காலம் அந்தக் கூட்டத்தோடு முடிந்துவிட்டது. இப்போது அந்தப் பேர் தெரிந்தவர்கள் இரண்டே தரப்பு, இந்தத் தெருவும் அந்த முதலாளி வீடும். நடுவில் யாருமே இல்லாததால்தான் அவர்களால் ஒரு பெண்ணை இடம் மாற்றிவிட்டு நிம்மதியாகக் காபி குடிக்க முடிகிறது. அதனால் நீ கேட்டதற்கு என் பதில்: கொடு, ஆனால் மியூசியத்துக்கு மட்டும் கொடுக்காதே. இருக்கச் சொன்ன ஐந்து பேருடைய டேப்புகளையும் பேரோடு, ஒரு சொல் வெட்டாமல், நகல் எடு. ஒன்று பல்கலைக்கழக நூலகத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கிற இடத்தில் இருக்கட்டும். ஒன்று நம் வீட்டில். உன் ஆய்வில் பேச்சியம்மாள், சண்முகத்தாயின் மகள், என்று எழுது. மாரி இன்றைக்கு எந்த அறையில் வேலை பார்க்கிறாள், எந்த நாளிலிருந்து, அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதையும் எழுது. இந்தக் கடிதத்தையும் டேப்புகளோடு வை. பத்திரிகைக்காரர்கள் கேட்டாலும் கொடு. படிக்கிறவர்கள் யாராக இருந்தாலும் சரி, நான் மறைவாக எதையும் எழுதவில்லை. இரண்டு நெறியாளர்களிடமும் ஒரே நாளில், இரண்டு பேரையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு சொல்லிவிடு. ஒருவருக்கு முன்னால் ஒருவருக்குத் தெரியக் கூடாது.

அப்படிச் செய்தால் கடைசி வருஷத்துப் பணம் நின்றுபோகலாம். பட்டம் போனால் போகிறது என்று எழுத உட்கார்ந்தேன், கை வரவில்லை. நீ அந்தக் கறுப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு நிற்பதை நான் பார்க்க வேண்டும் என்று சஷ்டிதோறும் பட்டினி கிடக்கிறேன். அது போய்விடுமோ என்று பயமாகத்தான் இருக்கிறது. உன் அப்பாவை யாராவது கமிஷன் கடையில் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்வார்களோ என்றும் பயமாக இருக்கிறது. இதையெல்லாம் விட, நீ இதைப் படித்து, யோசித்து, எழுதி, அது நாலு பேர் கையில் போய்ச் சேர்வதற்கு எத்தனை நாள் ஆகுமோ, அத்தனை நாளும் மாரி காலையில் அந்த அறைக்குள் போய் சாயங்காலம் வெளியே வர வேண்டும். அதை நினைத்தால்தான் மற்றப் பயம் எல்லாம் சின்னதாகப் போய்விடுகிறது. ஆகையால் தாமதிக்காதே. அடுத்த பஸ்ஸில் கிளம்பி வா என்று சொல்லவில்லை. இது கையில் கிடைத்த மறுநாள் காலையிலேயே பல்கலைக்கழகத்துக்குப் போ.

காற்று விடாமல் அடிக்கிறது. மேற்கே கரிசல் வெடித்துக் கிடக்கிற பக்கமிருந்து புழுதி வந்து இந்தத் தாளிலேயே படிகிறது, தட்டித் தட்டி எழுதுகிறேன். சங்கு ஊதியாகிவிட்டது. பெண்கள் தெருமுனை திரும்பி வர ஆரம்பித்துவிட்டார்கள், செருப்புச் சத்தம் கேட்கிறது. பண்டல் போடுகிறவர்கள் முன்னால் வருவார்கள், மருந்து அறைக்காரர்கள் கைகால் கழுவிவிட்டுக் கடைசியில்தான் வருவார்கள். வேலம்மா போய்விட்டாள். பூத்துக்காரர் தங்கையும் போய்விட்டாள். இன்னும் வந்துகொண்டிருக்கிறார்கள், எல்லார் தலையிலும் ஒரே மாதிரித் துணி. இங்கிருந்து பார்த்தால் மாரி யார் என்று முகம் தெரியவில்லை. வாசலுக்குப் போகிறேன்.

அம்மா